பி.ஏ. செட்: முதல்முறை மாட்டுகிறவர்களுக்கு

பி.ஏ. செட் (Breathing Apparatus) என்பது முதுகில் சுமக்கும் சிலிண்டரிலிருந்து மாஸ்க் வழியாக மூச்சுக் காற்று தரும் கருவி. பயிற்சிக்கு வரும் புதியவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரு கேள்விதான். "இந்தச் சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது?" பெரும்பாலும் "ஆக்ஸிஜன்" என்றுதான் பதில் வரும். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. தீ விபத்துச் செய்திகளில் "ஆக்ஸிஜன் சிலிண்டர் அணிந்து உள்ளே சென்றனர்" என்று எழுதுகிறார்கள். கொரோனா காலத்துக்குப் பிறகு சிலிண்டர் என்றாலே ஆக்ஸிஜன் என்று மனதில் பதிந்தும் விட்டது. ஆனால் உள்ளே இருப்பது இப்போது நீங்களும் நானும் இழுத்துக்கொண்டிருக்கும் அதே சாதாரணக் காற்று. வடிகட்டி, ஈரம் நீக்கி, 300 பார் (வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 300 மடங்கு) அழுத்தத்தில் அடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தூய ஆக்ஸிஜனை நெருப்புக்குள் சுமந்துகொண்டு போனால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்தாலே காரணம் புரிந்துவிடும்.

தீயணைப்பு நிலையத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், ஆலைகளின் அவசரக் குழுவில் பெயர் கொடுத்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்கள் செட்டின் கம்பெனிக் கையேடு சொல்வதே இறுதி வார்த்தை. பொத்தான் இருக்கும் இடமும் பெல்ட்டின் வடிவமும் மாடலுக்கு மாடல் மாறும். வேலை செய்யும் முறை எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

எங்கே இது வேண்டும்

ஃபில்டர் மாஸ்க்கும் பி.ஏ. செட்டும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைக்காதீர்கள். ஃபில்டர் வெளிக்காற்றைச் சுத்தம் செய்யும். இல்லாத ஆக்ஸிஜனை அது உண்டாக்காது. ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போன இடம், என்ன வாயு, எவ்வளவு என்று தெரியாத இடம், புகை நிறைந்த அறை, கழிவுநீர்த் தொட்டி, கிணறு, மூடிக் கிடந்த டேங்க் எல்லாவற்றுக்கும் பி.ஏ. செட்தான்.

கழிவுநீர்த் தொட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நடக்கிறது. ஒருவர் இறங்கி மயங்குகிறார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குகிறார். அவரைத் தேடி மூன்றாமவர். கழிவில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு முதலில் அழுகிய முட்டை போல நாறும். 100 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவை எட்டியதும் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. "இப்ப வாடை இல்லை, இறங்கலாம்" என்று யாராவது சொன்னால் அவரைத் தள்ளி நிறுத்துங்கள். செட்டோடு தொட்டியின் வாய் வழியாக நுழைய முடியவில்லை என்றால், செட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கவே கூடாது. முக்காலி நிறுத்திக் கயிற்றால் தூக்குவது, வெளியிலிருந்து நீண்ட குழாயில் காற்று அனுப்பும் ஏர்லைன் செட், வாயை இடித்து அகலமாக்குவது என்று வேறு வழி தேட வேண்டும்.

செட் காப்பாற்றாத ஒன்றும் இருக்கிறது: உங்கள் தோல். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது பெரியகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலுமாக வீட்டை விட்டு ஓடி வந்தார்கள். அந்த மாதிரிக் கசிவுக்குள் பி.ஏ. செட்டை மட்டும் மாட்டிக்கொண்டு போனால் மூச்சு தப்பும். வியர்த்த இடமெல்லாம், அக்குள், கழுத்து, தொடையிடுக்கு, எரிய ஆரம்பிக்கும், ஏனென்றால் அமோனியா ஈரத்தைத் தேடிப் பிடிக்கும். அதற்கு உடல் முழுதும் மூடும் ரசாயன உடுப்பு வேண்டும்.

உறுப்புகள்

முதுகில் பேக் பிளேட், அதில் சிலிண்டர். சிலிண்டர் வால்வுக்கு அடுத்தது ரெடியூசர். 300 பாரை ஏறத்தாழ 7 பாருக்கு இறக்கித் தரும். அங்கிருந்து ஒரு குழாய் மாஸ்க்கில் இருக்கும் டிமாண்ட் வால்வுக்குப் போகும். நீங்கள் இழுக்கும்போது மட்டும் அது திறந்து காற்று விடும். இன்னொரு குழாய் தோளில் தொங்கும், சிலிண்டரின் அழுத்தத்தை முள்ளால் காட்டும் கேஜுக்குப் போகும். காற்று குறைந்தால் ஊதும் விசில் அநேகமாக அதன் பக்கத்திலேயே இருக்கும். மாஸ்க்குக்குள் அழுத்தம் எப்போதும் வெளியைவிடத் துளி கூடுதலாக இருக்கும். எங்காவது சிறு இடைவெளி விழுந்தாலும் காற்று வெளியே போகுமே தவிர புகை உள்ளே வராது. ஆனால் அந்த இடைவெளி வழியாக உங்கள் காற்று போய்க்கொண்டே இருக்கும், அதை மறக்க வேண்டாம்.

மாட்டுவதற்கு முன்

ஷிஃப்ட் மாறும்போது செட்டைப் பார்த்தாயிற்று என்று முந்தைய ஷிஃப்ட் சொன்னாலும் நீங்களே ஒருமுறை பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

முதலில் கேஜ். 300 பார் செட் என்றால் 270-க்குக் குறைந்த சிலிண்டரை நான் வண்டியில் வைக்க விடுவதில்லை. அப்புறம் சிலிண்டரின் கழுத்தில் அல்லது லேபிளில் உள்ள தேதி, ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனை) காலாவதி ஆகிவிட்டதா என்று. பிறகு குழாய்களை விரலால் தடவிக்கொண்டே போங்கள். வெடிப்பு, வீக்கம், வெந்த இடம் கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது.

அடுத்தது லீக் டெஸ்ட். டிமாண்ட் வால்வு மூடிய நிலையில் இருக்கட்டும். சிலிண்டர் வால்வை முழுக்கத் திறந்து, முள் நின்றதும் மூடுங்கள். ஒரு நிமிடம் கேஜையே பாருங்கள். 10 பாருக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. அந்தச் செட் வேண்டாம். இறங்கவில்லையா, சரி, இப்போது டிமாண்ட் வால்வின் வாயை உள்ளங்கையால் பொத்தி, அதை இயங்கவிட்டு, கையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக் காற்றை மெதுவாக வெளியேற்றுங்கள். முள் இறங்கிக்கொண்டே வரும். 60-க்கும் 50-க்கும் நடுவில் விசில் ஊத வேண்டும். ஊதாத செட்டுக்கு உடனே சிவப்பு அட்டை. "கேஜ்தான் இருக்கே, பார்த்துக்கலாம்" என்று யாரும் சொல்லக் கூடாது. கெட்டியான புகையில் கேஜைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தாலும் முள் தெரியாது. காது கேட்கும்.

மாட்டும் வரிசை

பெல்ட்கள் எல்லாம் முழுக்கத் தளர்ந்திருக்க வேண்டும். சட்டை போடுவது போல ஒரு தோள், மறு தோள் என்று மாட்டலாம், இல்லை தலைக்கு மேலே தூக்கி முதுகில் சரிய விடலாம். இறங்கியதும் தோள் வாரை இழுத்து, இடுப்புப் பெல்ட்டை நன்றாக இறுக்கி, பிறகு தோள் வாரை ஒரு விரல் அளவு தளர்த்துங்கள். பாரம் இடுப்பில் உட்கார வேண்டும். தோளிலேயே தொங்கினால் பத்து நிமிடத்தில் கழுத்து விட்டுப்போகும், மூச்சும் வாங்கும். பழைய செட்கள் இதைவிட எவ்வளவோ கனம். 1970-களில் நாசா விண்வெளித் தொழில்நுட்பத்தைக் கொண்டு எடை குறைந்த செட்டை உருவாக்கி, நியூயார்க், ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்போரிடம் கொடுத்துச் சோதித்தது. அதற்கு முன்பு கனம் தாங்காமல் செட்டையே வேண்டாம் என்று விட்டுவிட்டுப் புகைக்குள் போனவர்கள் நிறைய.

சிலிண்டர் வால்வை இப்போது முழுக்கத் திறங்கள். முழுக்க என்றால், கைப்பிடி இனிமேல் சுற்றாது என்கிற வரை. இதில் நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். வேலைக்கு வந்த புதிது; பயிற்சிக் கூடத்தில் செயற்கைப் புகை. அவசரத்தில் ஒரு சுற்று மட்டும் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டேன். கேஜ் 280 காட்டியது, மூச்சும் தாராளமாக வந்தது. இரண்டாம் மாடிக்கு ஹோஸை இழுத்துக்கொண்டு ஏறும்போது மூச்சு வேகமாக வேண்டியிருந்தது, காற்று வரவில்லை. மாஸ்க் முகத்தோடு ஒட்டுகிறது. கேஜைப் பார்த்தால் நான் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் முள் கீழே குதித்து மறுபடி ஏறுகிறது. என் கூட வந்தவர் அதைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் என் முதுகுப் பக்கம் கையை விட்டு வால்வைத் திருப்பினார். முள் நின்றது. அன்றிலிருந்து சொல்லிக்கொடுக்கிறேன்: மூச்சுக்கு மூச்சு முள் ஆடினால் சிலிண்டர் வால்வு பாதிதான் திறந்திருக்கிறது.

இனி மாஸ்க். முகவாயை முதலில் மாஸ்க்கின் அடியில் உள்ள கிண்ணத்துக்குள் வைத்து, வார்களைத் தலைக்குப் பின்னால் இழுத்துப் போடுங்கள். கீழ் வார் இரண்டையும் ஒரே நேரத்தில், நேராகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். ஒன்றை முதலில் இழுத்தால் மாஸ்க் கோணிக்கொள்ளும். அடுத்தது நெற்றிப்பொட்டுப் பக்கத்து வார்கள். உச்சி வார் கடைசியில், லேசாக. ரப்பர் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவில் முடி, துணி, கண்ணாடியின் கம்பி எதுவும் சிக்கக் கூடாது. தாடி இருந்தால் செட் கிடையாது. மூன்று நாள் தாடிக்கும் இதுதான் விதி. மீசை விளிம்பைத் தொடாத வரை சரி. கண்ணாடி போடுகிறவர்களுக்கு மாஸ்க்குக்குள்ளேயே பொருத்தும் ஃபிரேம் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

மாஸ்க் வாயை உள்ளங்கையால் பொத்தி மூச்சை இழுத்துப் பத்து விநாடி பிடியுங்கள். மாஸ்க் முகத்தில் ஒட்டி அப்படியே நிற்க வேண்டும். எங்காவது சில்லென்று காற்றுக் கோடு தெரிந்தால் வாரைச் சரிசெய்து மறுபடி பாருங்கள். பிறகு டிமாண்ட் வால்வைச் சொருகுங்கள், க்ளிக் என்ற சத்தம் கேட்க வேண்டும். முதல் மூச்சைப் பலமாக இழுத்ததும் அது இயங்க ஆரம்பிக்கும். ஒரு விரலை விளிம்புக்குள் விட்டு லேசாகத் தூக்குங்கள்; காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தால் எல்லாம் சரி. விரலை எடுத்ததும் சத்தம் நிற்க வேண்டும்.

காற்றுக் கணக்கு

செட்டின் மேல் "45 நிமிடம்" என்று எழுதியிருக்கும். அந்த எண்ணை நம்பி யாரும் உள்ளே போகாதீர்கள். 6 லிட்டர் சிலிண்டர், 300 பார், பெருக்கினால் 1800 லிட்டர். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வகுத்தால் 45 நிமிடம். இப்படித்தான் அந்த எண் வருகிறது. படி ஏறி, ஹோஸ் இழுத்து, ஒருவரைத் தூக்கி வரும் மனிதன் நிமிடத்துக்கு 40 லிட்டரில் நிற்பதில்லை.

6.8 லிட்டர் கார்பன் ஃபைபர் சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். 300 பாரில் பெருக்கினால் 2040 லிட்டர். அவ்வளவு உயர்ந்த அழுத்தத்தில் காற்று கணக்குப்படி அடங்காது, பத்தில் ஒரு பங்கு வரை குறையும். ஆக, சுமார் 1850. விசிலுக்குக் கீழே உள்ள 50 பாரில் இருப்பது 340 லிட்டர், அதைத் தொடக் கூடாது. மிச்சம் 1500 சொச்சம். 40 லிட்டர் வீதம் 37 நிமிடம் வரும். வேலை கடுமையாகி 80 லிட்டர் இழுத்தால் 19 நிமிடம்கூட வராது. விசில் ஊதிய பிறகு மிஞ்சும் 340 லிட்டர் அந்த வேகத்தில் நான்கே நிமிடம்.

அதனால்தான் விசில் ஊதும்போது கிளம்பக் கூடாது; விசில் ஊதும்போது வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். போகிற வழிக்கு எவ்வளவு காற்றோ அதைப்போல இரண்டு மடங்கைத் திரும்பும் வழிக்கு ஒதுக்கு என்று ஜெர்மன் தீயணைப்புத் துறைகளில் விதியே இருக்கிறது. திரும்பி வருபவர் களைத்திருப்பார், சில சமயம் ஒருவரை இழுத்துக்கொண்டு வருவார். அந்த விதியின் மேல் விசில் அளவையும் சேர்த்துக்கொள்வது என் வழக்கம். உதாரணமாக, 290-ல் நுழைகிறீர்கள், வேலை செய்யும் இடத்தை அடையும்போது 250. போக 40 ஆகிவிட்டது. திரும்ப 80, விசிலுக்கு 50, ஆக 130. முள் 130-ஐத் தொட்டதும் கையில் எந்த வேலை இருந்தாலும் திரும்புங்கள். இருவராகத்தான் போவீர்கள், இருவரில் யாருடைய கேஜ் குறைவாகக் காட்டுகிறதோ அதுதான் இருவருக்கும் கேஜ். ஒருவர் மட்டும் திரும்பி வருவது என்ற பேச்சே கிடையாது.

முதல் சில மாதம் உங்களுக்கு மற்றவர்களைவிட வேகமாகக் காற்று தீரும். பயத்தில் மூச்சு மேலோட்டமாக, வேகமாகப் போகும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பழைய சிலிண்டரோடு படி ஏறி இறங்கி, உங்கள் சொந்த அளவு நிமிடத்துக்கு எத்தனை பார் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகிறவர்களைக் குறித்துவைக்கும் நுழைவுப் பலகையில் நிற்பவரிடமும் சொல்லுங்கள்.

உள்ளே

நுழையும் முன் உங்கள் பெயர் அட்டை, கேஜ் அளவு, நேரம் மூன்றும் பலகையில் ஏற வேண்டும். வெளியே இன்னும் இருவர் செட்டோடு தயாராக நிற்க வேண்டும். உள்ளே சுவரை விட்டுக் கையை எடுக்காதீர்கள். இடக்கை சுவரில் போனீர்கள் என்றால் வலக்கை சுவரில் திரும்புங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேஜ். மாஸ்க்கின் கண்ணாடி பாலிகார்பனேட்; 150 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும். செட்டிலேயே முதலில் விட்டுக்கொடுக்கும் பாகம் அதுதான். கண்ணாடியில் கொப்புளமோ வெண்மையோ படர்ந்தால் குனிந்து, தரையோடு தரையாக வெளியேறுங்கள்.

டிமாண்ட் வால்வு அடைத்துக்கொண்டால் பைபாஸ் குமிழைத் திறங்கள். காற்று நிற்காமல் வரும், ஆனால் வேகமாகத் தீரும். எதிலாவது சிக்கிக்கொண்டால் வயர்லெஸ்ஸில் இடத்தைச் சொல்லி, அசைவில்லா அலாரத்தைக் கையாலேயே அழுத்திவிட்டு, படுத்து, மூச்சை மெதுவாக்குங்கள். நீங்கள் அசையாமல் கிடந்தால் அந்த அலாரம் அரை நிமிடத்தில் தானாக அலறும். கூட இருப்பவருக்குக் காற்று தீர்ந்தால் உங்கள் மாஸ்க்கைக் கழற்றிக் கொடுக்க மனம் துடிக்கும். கொடுக்காதீர்கள், இருவரும் விழுவீர்கள். உங்கள் செட்டில் இன்னொருவருக்குக் காற்று தரும் இரண்டாவது இணைப்பு இருந்தால் அதைச் சொருகிக்கொண்டு இருவரும் சேர்ந்து வெளியேறுங்கள்.

தீ அணைந்த பிறகுதான் நிறையப் பேர் மாஸ்க்கைத் தூக்கி நெற்றியில் வைக்கிறார்கள். புகைந்துகொண்டிருக்கும் சோஃபாவும் வயரும் அப்போதும் கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரஜன் சயனைடும் விட்டுக்கொண்டுதான் இருக்கும். வெளிக்காற்றுக்கு வந்து, அதிலும் காற்று வீசும் திசைக்கு எதிர்ப்பக்கம் நின்றுதான் கழற்ற வேண்டும்.

கழற்றியபின்

நான் அதிகம் சண்டை போடுவது இந்த இடத்தில்தான். களைப்பில் செட்டை வண்டியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அடுத்த அழைப்பு இருபது நிமிடத்தில் வரலாம். அதை மாட்டப் போவது வேறொருவர்.

மேலே படிந்த கரியை அங்கேயே, மாஸ்க்கைக் கழற்றும் முன்பே, தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தீயணைப்புப் பணியையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில்களில் முதல் வகையில் 2022-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்திருக்கிறது. அந்தக் கரியை வெறுங்கையால் துடைத்துவிட்டு அதே கையால் வடை சாப்பிடாதீர்கள்.

மாஸ்க்கை வெதுவெதுப்பான தண்ணீரில், மிதமான சோப்பில், மெல்லிய துணியால் கழுவுங்கள். கம்பெனி சொன்ன கிருமிநாசினியில் ஊறவைத்து, ஓடும் நீரில் நன்றாக அலசுங்கள். மூச்சு வெளியேறும் வால்வின் மெல்லிய ரப்பர் தகட்டைத் தனியாகப் பாருங்கள். ஒரு மணல் துணுக்கு ஒட்டியிருந்தாலும் அது சரியாக மூடாது. தின்னர், பெட்ரோல், ஸ்பிரிட் எதையும் கண்ணாடி அருகே கொண்டுபோக வேண்டாம். நுண்ணிய வெடிப்பு விழும். நிழலில் காயவையுங்கள். நம் வெயிலில் ஜீப் பானட்டின் மேல் உலர்த்திய மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு விறைத்து உருமாறிப் போனதைப் பார்த்திருக்கிறேன், பிறகு அது யார் முகத்திலும் உட்காராது. டிமாண்ட் வால்வைத் தண்ணீரில் முக்காதீர்கள், வெளியே துடைத்தால் போதும். ரெடியூசரைத் திறக்கும் வேலை பயிற்சி பெற்ற டெக்னீஷியனுடையது. ஆண்டுக்கு ஒருமுறை டெஸ்ட் பெஞ்சில் அவர் பார்க்கட்டும்.

சிலிண்டரை மாற்றும்போது இணைப்பில் உள்ள ஓ-ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெட்டு, தட்டையான இடம், மணல் இருந்தால் மாற்றிவிடுங்கள். தேங்காய் எண்ணெயோ கிரீஸோ தடவிச் சமாளிக்க வேண்டாம். கையால் இறுக்கினால் போதும், ஸ்பானர் கூடாது. கார்பன் ஃபைபர் சிலிண்டரில் கீறல் ஆழமாகி நார் வெளியே தெரிந்தாலோ, தீயில் நிறம் மாறியிருந்தாலோ உடனே ஒதுக்குங்கள். சேதமில்லை என்றாலும் அதற்கு ஆயுள் உண்டு, பலவற்றுக்கு 15 ஆண்டு. காலியான சிலிண்டரின் வால்வைத் திறந்து போடாதீர்கள், கடலோரக் காற்றின் ஈரம் உள்ளே போய் உட்காரும்.

காற்று நிரப்பும்போது கம்ப்ரசர் காற்றை எங்கிருந்து உறிஞ்சுகிறது என்று பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டீசல் வண்டியின் சைலன்சர் பக்கத்தில் அந்தக் குழாய் இருந்தால், நீங்கள் சிலிண்டரில் அடைப்பது விஷம். மூச்சுக் காற்றில் கார்பன் மோனாக்ஸைடு 5 பி.பி.எம்.முக்கு மேல் போகக் கூடாது என்பது ஐரோப்பியத் தர அளவு. கம்ப்ரசர் ஃபில்டர் ஓடிய மணிக்கணக்கை எழுதி வைத்து, ஈரமான மாதங்களில் இன்னும் சீக்கிரமாக மாற்றுங்கள். வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகும். 300 என்று காட்டும், ஆறியதும் 270-க்கு வந்துவிடும். மெதுவாக நிரப்பி, ஆறவிட்டு, மறுபடி நிரப்புங்கள்.

கடைசியாக, வால்வை மூடி, குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றி, முள் பூஜ்யத்துக்கு வந்ததைப் பாருங்கள். எல்லா வாரையும் முழு நீளத்துக்குத் தளர்த்தி மாஸ்க்கைப் பையில் வையுங்கள். செட் எண், சிலிண்டர் எண், அழுத்தம், தேதி, கையெழுத்து ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுங்கள். கோளாறு இருந்தால் சிவப்பு அட்டையில் "ரிப்பேர்" என்று மட்டும் எழுதாமல் கண்ணால் கண்டதை எழுதுங்கள்: "விசில் 40-ல்தான் ஊதியது", "இடப்பக்கக் கீழ் வார் நழுவுகிறது". டெக்னீஷியனுக்கு வேலை சுலபமாகும், வேறு யாரும் தெரியாமல் அந்தச் செட்டை எடுத்து மாட்டவும் மாட்டார்கள்.